இரண்டு தடவை போட்ட கணக்கு

1972-ஆம் வருடம் மார்ச் மாதக் கடைசியில், மேற்குத் தாம்பரத்தில் நாங்கள் குடியிருந்த வாடகை வீட்டில் ஆரம்பித்து, முடிச்சூரில் போய் முடிந்த சம்பவம் இது. முடிந்தது என்று சொல்லிவிட்டேன். என் மனதில் அது இன்னும் சரியாக முடியவில்லை. அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

அப்போது என் மகளுக்கு ஒன்பது மாதம். நான் கணிதத்தில் பி.எஸ்ஸி. முடித்தவள். கல்யாணத்துக்கு முன்பு கொஞ்ச காலம் ஒரு பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்தினேன். குழந்தை வரப்போகிறது என்று தெரிந்ததும் வேலையை விட்டேன். விட்டது சரிதானா என்று தினமும் யோசிப்பேன். விடாமல் இருந்திருந்தால், பச்சைக் குழந்தையை விட்டுவிட்டு வந்தது சரிதானா என்று யோசித்திருப்பேன். என் சுபாவம் அப்படி. ஸ்டவ்வை அணைத்துவிட்டு வாசல் வரை வந்து, அணைத்தேனா என்று பார்க்கத் திரும்பி உள்ளே போகிறவள் நான்.

டியூஷன் எடுக்க வேண்டும் என்று நானாக முடிவு செய்யவில்லை. அடுத்த தெருவில் எஸ்.எஸ்.எல்.சி. படிக்கும் பெண் ஒருத்தி கணக்கில் சந்தேகம் கேட்க வந்தாள். பிறகு அவள் தோழி வந்தாள். தோழியின் தோழி வந்தாள். அந்த வருடம் முன்னறையில் ஜமக்காளம் விரித்து ஏழெட்டுப் பெண்கள் உட்காரும்படி ஆகிவிட்டது. வார நாட்களில் சாயங்காலம் அல்ஜீப்ராவும் மற்றக் கணக்குகளும். சனிக்கிழமை மத்தியானம் ஜியோமெட்ரி.

சாயங்கால நேரம்தான் என் மகளுக்கு அழுகை நேரம். கரும்பலகையில் பாதிக் கணக்கில் இருப்பேன், உள்ளே வீறிட்டு அழுவாள். சில நாள் அவளாகவே அடங்கிவிடுவாள். அடங்காத நாளில் சாக்பீஸை வைத்துவிட்டு, "இதையே இன்னொரு தடவை போடுங்க, இதோ வரேன்" என்று சொல்லிவிட்டு ஓடுவேன். பால் கொடுத்துவிட்டு வரும்வரை பெண்கள் சும்மா உட்கார்ந்து அரட்டை அடிக்கக் கூடாது, அவ்வளவுதான். எந்தக் கணக்கில் இருந்தோமோ அந்தக் கணக்கு. அதில் வேறு யோசனை எதுவும் கிடையாது.

பரீட்சை தொடங்கியதும் டியூஷனை நிறுத்தியிருந்தேன்; தமிழும் இங்கிலீஷும் முடிந்திருந்தன. திங்கட்கிழமை கணக்கு. அதற்கு முந்தின சனிக்கிழமை காலையில் முன்பின் பார்த்திராத ஒரு அம்மாள், மகளையும் கூட்டிக்கொண்டு குரோம்பேட்டையிலிருந்து ரயிலேறி வந்து என் வாசலில் நின்றார். கையில் ஒரு சீப்பு வாழைப்பழம்.

"உங்களைத் தொந்தரவு பண்ண மாட்டேம்மா. அந்த ரெண்டு தடவைக் கணக்கை மட்டும் இவளுக்குச் சொல்லிடுங்க, போயிடறோம்."

எந்தக் கணக்கு என்று கேட்டேன். அந்த அம்மாள் மகளைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். "நான் சொன்னேன்ல, கேட்டவுடனே ஒத்துக்க மாட்டாங்கன்னு."

அந்தப் பெண்தான் விவரமாகச் சொன்னாள். நான் எந்தக் கணக்கை இரண்டாவது தடவை போடச் சொல்கிறேனோ அதுதான் பரீட்சைக்கு வருமாம். அரைப் பரீட்சையில் அப்படியே வந்ததாம். என்னிடம் படிக்கும் பெண்கள் கண்டுபிடித்து, அது பள்ளிக்கூடத்தில் பரவி, ரயிலில் லேடீஸ் பெட்டி வழியாகக் குரோம்பேட்டை வரை போயிருக்கிறது.

"குழந்தை அழுதா உள்ள போவேன். அதுக்காகச் சொல்றதும்மா அது" என்றேன்.

"ஆமா மிஸ், குழந்தையைச் சாக்கு வச்சுத்தான் சொல்வீங்கன்னும் சொன்னாங்க. வாயால நேராச் சொன்னா சாருக்கு வேலை போயிடுமாமே."

"எந்த சாருக்கு?"

"உங்க வீட்டு சாருக்குத்தான். கொஸ்டின் பேப்பர் அச்சடிக்கிற எடத்துலதானே இருக்கார்?"

என் கணவர் மவுண்ட் ரோடில் ஒரு துணிக் கம்பெனியில் பில் எழுதுகிறவர். அதைச் சொன்னேன். அவர்கள் ரொம்ப மரியாதையாகத் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார்கள். நான் மறுக்க மறுக்க அந்த அம்மாளின் முகத்தில் நம்பிக்கை கூடிக்கொண்டே போனது. கடைசியில், "பரவாயில்லைம்மா, உங்க கஷ்டம் உங்களுக்கு" என்று சொல்லிவிட்டு வருத்தமே இல்லாமல் போனார். அவர்கள் தெருமுனை திரும்பிய பிறகுதான் வாழைப்பழம் என் வீட்டிலேயே இருப்பதைக் கவனித்தேன். வாங்கிக்கொண்டதே ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிட்டதோ என்று அது வேறு உறுத்தல்.

முதலில் எனக்குச் சிரிப்புதான் வந்தது. சமையலறைக்குப் போய்ப் பருப்பை இறக்கும்போது சட்டென்று ஒன்று தோன்றியது. சனிக்கிழமை மத்தியானங்களில் என் மகள் நன்றாகத் தூங்குவாள். ஒரு நாள்கூட ஜியோமெட்ரி நடுவில் அவள் அழுததில்லை. அப்படியென்றால் ஒரு தேற்றத்தைக்கூட நான் இரண்டாவது தடவை போடச் சொன்னதில்லை. அந்தப் பெண்களின் கணக்குப்படி, தேற்றம் ஒன்றுகூட பரீட்சைக்கு வராது.

குழந்தையைத் தூக்கிக்கொண்டு அடுத்த தெருவுக்குப் போனேன். முதன்முதலில் என்னிடம் வந்த பெண்ணின் வீடு அது. அவள் வெட்கப்பட்டுக்கொண்டு எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டாள். ஆனால் அவள் தேற்றங்களையும் படித்திருந்தாள். "அப்பா பக்கத்துலயே உக்காந்து எல்லாத்தையும் கேப்பாருக்கா, விட முடியாது" என்றாள். தாம்பரத்துப் பெண்கள் மற்றவர்களும் அப்படித்தானாம். எனக்கு மூச்சு வந்தது. பிறகு அவளே மெதுவாகச் சொன்னாள்.

"முடிச்சூர்லேர்ந்து வருவாள்ல அக்கா, அவதான் முழுசா விட்டுட்டா. அல்ஜீப்ராவுக்கே நேரம் பத்தலைன்னு ஜியோமெட்ரி புக்கை என்கிட்ட குடுத்துட்டா. இங்கதான் இருக்கு."

அவள் எடுத்துக் கொடுத்த புத்தகத்தை வாங்கிக்கொண்டேன். வேறு யாராக இருந்தாலும் இவ்வளவு பதறியிருக்க மாட்டேன். அந்த முடிச்சூர்ப் பெண்ணுக்கு அல்ஜீப்ரா என்றாலே தகராறு. குறியை மாற்றிப் போட்டுவிடுவாள். அவளுக்குப் பிடிபட்டது தேற்றம்தான். படம் போட்டுக் காட்டிவிட்டால் போதும், முகம் தெளிந்துவிடும். எஸ்.எஸ்.எல்.சி. பாஸ் பண்ணினால் டீச்சர் டிரெயினிங்கில் சேர்க்கிறேன் என்று அவள் அப்பா வாக்குக் கொடுத்திருந்தார். அதோடு, ஒரு தடவைதான், ஃபெயில் ஆனால் மறுபடி எழுதுகிறேன் என்று கேட்கக் கூடாது என்றும் சொல்லியிருந்தார். நடந்தே தாம்பரம் வந்து படித்துவிட்டு நடந்தே திரும்பும் பெண். அவளுக்குத் தெரிந்த ஒன்றையும் விட்டுவிட்டுத் தெரியாத ஒன்றைப் பிடித்துக்கொண்டு பரீட்சைக்குப் போகப் போகிறாள். என் பிள்ளை அழுதது அதற்குக் காரணம்.

சாயங்காலம் என் கணவரிடம் சொன்னேன். அவர் நான் நினைத்ததைவிட அதிகமாகச் சிரித்தார். நாளைக்கு முடிச்சூர் போக வேண்டும் என்றதும் சிரிப்பை நிறுத்தினார். "கூட வரலாம்தான். ஆனா நான் வந்து நின்னா கொஸ்டின் பேப்பரே நேர்ல வந்த மாதிரி ஆயிடுமே" என்றார். அது உண்மைதான்.

மறுநாள் குருத்தோலை ஞாயிறு. ஆராதனையில் உட்கார்ந்திருந்தேனே தவிர, போதகர் சொன்னது ஒன்றும் காதில் ஏறவில்லை. போகலாமா வேண்டாமா? போய்ச் சொன்னால் நம்புவாளா? நாளைக்குப் பரீட்சையை வைத்துக்கொண்டு இன்றைக்குப் போய்க் கலைத்தால் இருப்பதும் மறந்துபோனால்? போகாமல் இருந்தால்? மடியில் மகள் குருத்தோலையின் நுனியைக் கடித்துக்கொண்டிருந்தாள். கடைசிப் பாட்டு முடிவதற்குள் எழுந்து வெளியே வந்துவிட்டேன்.

ஸ்டேஷன் பக்கம் சைக்கிள் ரிக்‌ஷாக்காரர் ஒருவர் முடிச்சூர் என்றதும் முகத்தைச் சுளித்தார்.

"இன்னாமா, இந்த வெய்யில்ல முடிச்சூரா? ரோடு ஒரே பேஜாருமா. வயல் வரப்பாண்ட வண்டி போவாது, எறங்கி நடக்கணும்."

நடக்கிறேன் என்றேன். "கைக்கொழந்தய தூக்கினு இன்னா அவசரம், யாருக்கனா ஒடம்பு சரியில்லியா?" என்று வழி நெடுகக் கேட்டுக்கொண்டே வந்தார். தேற்றம் என்று எப்படிச் சொல்வது? ஆமாம் என்று சொல்லிவைத்தேன். பாவம், அதற்கப்புறம் அவர் வேகமாக மிதித்தார். நான் ஸ்டவ்வை அணைத்தேனா என்று யோசித்துக்கொண்டு, அக்குளில் இடுக்கிய புத்தகம் விழாமல், குழந்தையின் தலையில் முந்தானையைப் போட்டுப் போட்டு மூடிக்கொண்டு போனேன்.

அறுவடை முடிந்த வயல்களைத் தாண்டி ஓட்டு வீடு. பெண்ணின் அப்பா வாசலில் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் வாளியைக் கீழே வைத்துவிட்டு ஓடிவந்தார்.

"வாங்க டீச்சரம்மா! இன்னா இது, புள்ளயத் தூக்கினு இந்த வெயில்ல? சொல்லி அனுப்பியிருந்தா வண்டி கட்டினு வந்திருப்பேனே."

உள்ளே அந்தப் பெண் சிமெண்டுத் தரையில் குப்புறப் படுத்து, நாங்கள் எப்போதோ போட்டு முடித்த அல்ஜீப்ராக் கணக்கை மறுபடியும் போட்டுக்கொண்டிருந்தாள். குறியை மாற்றித்தான் போட்டிருந்தாள். நான் தண்ணீர்கூடக் குடிக்காமல் நேராக விஷயத்துக்கு வந்தேன். குழந்தை அழுததால் சொன்னது, வேறு அர்த்தம் இல்லை, தேற்றங்களையும் படித்தாக வேண்டும், இதோ உன் புத்தகம் என்றேன். அவள் தலையைக் குனிந்துகொண்டு, "சரிக்கா" என்றாள். அந்தச் சரிக்காவில் ஒன்றுமே இல்லை. குரோம்பேட்டை அம்மாள் தலையாட்டிய அதே மாதிரி ஆட்டினாள்.

அப்பா குறுக்கே வந்தார். "பயப்படாதீங்க டீச்சரம்மா. இங்கேந்து ஒரு வார்த்த வெளிய போவாது. நீங்க சொன்ன கணக்க மட்டுந்தான் பாத்துகினு கீது. அத்தினியும் தலகீழா சொல்லும்."

எனக்கு அழுகையே வந்துவிடும் போலிருந்தது. பேசிப் பயனில்லை என்று புத்தகத்தைப் பிரித்தேன். அவள் அம்மாவின் வளையலை ஒன்று வாங்கித் தரையில் வைத்து, சாக்பீஸால் சுற்றி வரைந்தேன். வட்டத்தில் ஒரு வில்லின் மேல் மையத்தில் உண்டாகும் கோணம், பரிதியில் உண்டாகும் கோணத்தைப் போல் இரு மடங்கு. அவள் எனக்காகத்தான் உட்கார்ந்திருந்தாள். கண் அல்ஜீப்ரா நோட்டின் பக்கம் போய்ப் போய் வந்தது. ஒருவழியாக நிரூபணம் முடிக்கும் சமயத்தில், மடியில் இருந்த என் மகள் வெயிலும் பசியும் சேர்ந்து வீறிட்டாள். நான் பழக்கதோஷத்தில் எழுந்துகொண்டே சொல்லிவிட்டேன்.

"இதையே இன்னொரு தடவை போடு, இதோ வரேன்."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று உறைத்தது. இப்போதாவது புரிந்திருக்கும், கண் முன்னாலேயே நடக்கிறதே என்று அவளைப் பார்த்தேன். அவள் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டாள். கண்கள் பளபளத்தன.

"இதுவும் வருமா அக்கா?"

இல்லை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், அந்த வார்த்தை நாக்கு நுனி வரை வந்தது. ஆனால் அவள் அதற்குள் அல்ஜீப்ரா நோட்டை மூடி ஓரமாகத் தள்ளிவிட்டு, வளையலைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். நான் வாயை மூடிக்கொண்டு குழந்தையோடு உள்ளறைக்குப் போனேன்.

அவள் அம்மா எனக்கு மோரும் குழந்தைக்குத் தூளியும் தயாராக வைத்திருந்தார். பால் குடித்தவள் தூளியில் போட்டதும் தூங்கிவிட்டாள். என் வீட்டில் ஒரு நாளும் இப்படிப் போட்டவுடன் தூங்கியதில்லை. அந்த அம்மா தூளியை மெல்ல ஆட்டிக்கொண்டே, "நீ போய் அதுக்குச் சொல்லிக் குடும்மா, நான் பாத்துக்கறேன்" என்றார். திரும்பி வந்து பார்த்தால் தேற்றத்தை அவள் ஒரு பிழைகூட இல்லாமல் முடித்திருந்தாள்.

அடுத்த தேற்றத்தை எடுத்தேன். முடிந்ததும் சாக்பீஸைக் கீழே வைத்தேன். அவள் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஆராதனை முடியுமுன் எழுந்து வந்த அதே நாளில் இப்படி ஒரு காரியம் செய்யலாமா என்று மனது அடித்துக்கொண்டது. இது பொய்யா? நான் எதுவும் வரும் என்று சொல்லவில்லையே. சொல்லாமல் நம்பவிடுவது மட்டும் பொய் இல்லையா? பொழுது சாய்வதற்குள் பாதிப் புத்தகமாவது முடிய வேண்டும் என்பது மட்டும் தெரிந்தது.

"இதையும் இன்னொரு தடவை போடு" என்றேன்.

அதற்குப் பிறகு எல்லாத் தேற்றத்துக்கும் அதையே சொன்னேன். அவள் போட்டுக்கொண்டே இருந்தாள். தரை முழுக்க வட்டமும் முக்கோணமுமாக நிறைந்தது. அவள் அப்பா கால் படாமல் சுவர் ஓரமாக நடந்து போய்வந்தார். வெளியே ரிக்‌ஷாக்காரர், உள்ளே யாருக்கும் உடம்புக்கு ஒன்றும் இல்லை என்று தெரிந்துகொண்டு, "படிப்பாமே! இதுக்கா இந்த மிதி மிதிச்சேன்?" என்று சத்தம் போட்டுக்கொண்டிருந்தார். அவருக்கும் மோர் போனது.

வீடு திரும்பியபோது விளக்கு வைக்கும் நேரம். ஸ்டவ் அணைந்துதான் இருந்தது.

மறுநாள் பரீட்சை முடியும் நேரத்தில் பள்ளிக்கூட வாசலுக்குப் போகலாம் என்று புடவை மாற்றிக்கொண்டேன். பிறகு போகவில்லை. தேற்றம் எதுவுமே வராமல் போயிருந்தால் அந்த முகத்தை எப்படிப் பார்ப்பது? மற்றப் பெண்கள் வந்து கேள்வித்தாளைக் காட்டினார்கள். வட்டத் தேற்றம் வந்திருந்தது. இன்னொன்றும் வந்திருந்தது. போதாததற்கு, இரண்டு தடவை போடச் சொன்ன அல்ஜீப்ராக் கணக்கும் ஒன்று வந்திருந்தது. "பாத்தீங்களாக்கா" என்று அவர்கள் குதித்தார்கள். முடிச்சூர்ப் பெண் மட்டும் வரவில்லை. பரீட்சை முடிந்ததும் நேராக வீட்டுக்குப் போய்விட்டாளாம். அதற்கும் ஆயிரம் அர்த்தம் கற்பித்துக்கொண்டு இரண்டு மாதம் ஓட்டினேன்.

ரிசல்ட் வந்த அன்று காலையில், என் கணவர் பேப்பரில் அவள் நம்பரைத் தேடிக்கொண்டிருக்கும்போதே அவள் வாசலில் வந்து நின்றாள். மடியில் வேர்க்கடலை கட்டிக்கொண்டு வந்திருந்தாள். பாஸ். அவள் அப்பா டிரெயினிங் பள்ளிக்கூடத்தில் விண்ணப்பம் வாங்கப் போயிருக்கிறாராம்.

நான் கடலையை வாங்கி வைத்துவிட்டு, அத்தனை நாளும் மனதில் ஒத்திகை பார்த்திருந்ததைச் சொல்ல ஆரம்பித்தேன். அன்றைக்கு எந்தத் தேற்றம் வரும் என்று எனக்கு ஒன்றும் தெரியாது, உன்னை நம்பவிட்டது தப்பு என்று தட்டுத் தடுமாறினேன். அவள் பாதியிலேயே சிரித்துவிட்டாள்.

"தெரியும்க்கா. பாப்பா தூளியில தூங்கிக்கிட்டு இருந்துச்சு. நீங்க எழுந்து போகவேயில்ல. அப்பவும் இன்னொரு தடவை போடுன்னீங்க. ரெண்டாவது தேற்றத்துலயே புரிஞ்சு போச்சு. இவ்வளவு நாளா பாப்பாவுக்காகச் சொன்னது, இன்னிக்கு எனக்காகச் சொல்றீங்கன்னு."

"அப்புறம் ஏன் எல்லாத்தையும் போட்டே?"

அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள், இதுகூடவா தெரியாது என்பது போல. "நீங்க பாப்பாவைத் தூக்கிக்கிட்டு அவ்ளோ தூரம் வந்துட்டீங்களேக்கா. போடாம எப்படி இருக்கிறது?"

அவள் இப்போது செங்கல்பட்டுப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சர். என் மகள் பள்ளிக்கூடம் போகிறாள். அவளுக்கு அடுத்துப் பிறந்தவன் சாயங்காலங்களில் அழுகிறான். முன்னறையில் இன்னும் பெண்கள் உட்கார்ந்து படிக்கிறார்கள். எழுந்து போகும்போதெல்லாம், "குழந்தை அழறான், அதுக்காகத்தான் போறேன், வேற ஒண்ணும் இல்ல" என்று காரணத்தையும் சேர்த்துச் சொல்லிவிட்டுப் போகிறேன். அவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு சிரிக்கிறார்கள். நான் சொல்வதை அவர்கள் நம்புகிறார்களோ இல்லையோ, நான் அவர்களுக்காகச் செய்வதைப் பார்த்துக்கொண்டே இருக்கிறார்கள் என்பது மட்டும் எனக்கு நிச்சயமாகத் தெரிகிறது. எதிலும் நிச்சயம் இல்லாத எனக்கு, தைரியம் தருவதும் அதுதான், பயம் தருவதும் அதுதான்.